தாறுமாறான துடிப்பும் ஏழு டப்பாக்களும்

குன்னூரில் ஒரு மருந்துக் கடையில் இருபத்தாறு வருஷமாக வேலை செய்கிறேன். கடை என்னுடையதல்ல. முதலாளி கோயமுத்தூர்க்காரர். ஆனால் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குவது என்னுடைய சான்றிதழ். அது தொங்குவதால்தான் கடை திறக்கிறது என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. ஊரில் பாதிப் பேருக்கு நான்தான் டாக்டர். "ஏனுங்க, நெஞ்சு எரியுதுங்" என்று வருகிறவரிடம் நாலு கேள்வி கேட்பேன், ரெண்டு மாத்திரை எடுத்து வைப்பேன், "கேஸ்தானுங்க, பயப்படாம போங்" என்பேன். இருபத்தாறு வருஷத்தில் எத்தனை பேருடைய நெஞ்சை வாயுக் கணக்கில் தள்ளினேனோ, தெரியாது. அவர்களில் திரும்பி வராதவர்கள் எல்லாம் குணமாகிவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் எனக்கு முதல் தடவை நெஞ்சு புரண்டபோதும் நான் வாயு என்றுதான் தீர்ப்புச் சொன்னேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டே வந்த ஒரு சுற்றுலாக்காரருக்கு மாத்திரையைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் நெஞ்சுக்குள் ஏதோ உருண்டது. பக்கத்து ஊரான கேத்தியில் கேரட் கழுவும் மெஷின் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய இரும்பு உருளைக்குள் கேரட்டுகள் ஒன்று ஏறும், ரெண்டு விழும், மூன்று சேர்ந்து தடதடவென்று மோதும், எதற்கும் ஒரு தாளம் கிடையாது. அதுதான் என் நெஞ்சுக்குள் ஓடியது. கல்லா மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர், "உங்களுக்கும் வாந்தி வருதா மேடம்?" என்று கேட்டார். "இல்லீங், கேஸ்" என்றேன்.

மூன்று வாரம் அது கேஸாகவே இருந்தது. பச்சைத் திரவம் குடித்தேன், வெள்ளை மாத்திரை மென்றேன், இஞ்சியும் ஓமமும் கொதிக்க வைத்தேன். நெஞ்சு எதையும் மதிக்கவில்லை. வாரத்தில் ரெண்டு நாள், மூன்று நாள், தனக்குத் தோன்றும்போது உருளும், பிறகு தானாக அடங்கும்.

அந்த மாதம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா தன் மாத்திரைகளை வாங்க வந்தார். என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம்; கைக்குழந்தையாக வந்தவர். ஆனாலும் அவர் அம்மா அப்பாவிடமிருந்து ஒட்டிய ஒன்றிரண்டு சொல் இன்னும் போகவில்லை. மருந்துச் சீட்டைத் 'துண்டு' என்பார். இதயத்தில் வால்வு மாற்றியவர். அரசாங்கக் காப்பீட்டில் கோயமுத்தூரில் ஆபரேஷன் நடந்தது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, மாதா மாதம் ரத்தப் பரிசோதனை. வரும்போதெல்லாம் நான் அவருக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றுவது வழக்கம். "கீரை தொடவே கூடாது, புரியுதா? இந்த மாத்திரைக்கும் கீரைக்கும் ஆகாது." அவர் தலையாட்டிக்கொண்டே கேட்பார்.

அன்று சொற்பொழிவின் நடுவில் உருளை சுற்ற ஆரம்பித்தது. நான் நிறுத்திவிட்டு மேஜையைப் பிடித்தேன். அந்த அம்மா மேஜைக்கு மேலாகக் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். விரலை அழுத்தித் துடிப்பை எண்ணினார்.

"மேடம், இது தப்பித் தப்பி அடிக்குது. வால்வு மாத்துறதுக்கு முந்தி எனக்கும் இப்படித்தான் ஓடுச்சு. போய் ஈ.சி.ஜி. எடுத்துப் பாருங்க."

"கேஸ்ம்மா."

"கேஸ் மணிக்கட்டுல அடிக்காது மேடம்."

எனக்குச் சுருக்கென்றது. நோயினால் அல்ல. சுவரில் சான்றிதழ் தொங்கும்போது, கொழுந்துக் கூடை தூக்குகிறவர் எனக்கு வைத்தியம் சொல்வதா? மாத்திரையைக் கவரில் போட்டு, "கீரை ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினேன்.

ரெண்டு நாள் கழித்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து மேல் ரோட்டுக்கு ஏறும் படிக்கட்டில், பாதியில் உட்கார்ந்துவிட்டேன். கண் இருட்டியது. பக்கத்தில் காய் விற்றுக்கொண்டிருந்தவர் ஆட்டோ பிடித்து கிளினிக்கில் கொண்டுபோய் விட்டார். ஈ.சி.ஜி. தாளை எடுத்துப் பார்த்த பெண் டாக்டருக்கு என் மகள் வயது இருக்கும்.

"ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். எத்தனை நாளா இருக்கு?"

"மூணு வாரமுங்க."

"மூணு வாரமா என்ன பண்ணுனீங்க?"

நான் கூரையைப் பார்த்தேன்.

கோயமுத்தூருக்கு அனுப்பினார்கள். இதயத்தில் குழாய்க்கு ஒரு டாக்டர், துடிப்புக்கு ஒரு டாக்டர் என்று இப்போது தனித்தனி. எனக்கு வாய்த்தவர் துடிப்பு நிபுணர். காத்திருந்த நேரம் மூன்று மணி, பார்த்த நேரம் பத்து நிமிஷம். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் மனுஷர் ஒரு சொல்லைக்கூட வீணாக்கவில்லை. இதயத்தின் மேல் அறை ரெண்டும் சுருங்காமல் வெறுமனே நடுங்குகிறது, ரத்தம் அங்கே தேங்கினால் கட்டியாகும், கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். உங்களுக்கு ரத்த அழுத்தமும் இருக்கிறது. எனவே ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, காலையும் மாலையும், ஒரு வேளையும் தவறக் கூடாது. வேகத்தைக் குறைக்க இன்னொரு மாத்திரை. உப்பைக் குறையுங்கள். பன்னிரண்டு கிலோ எடையைக் குறையுங்கள். தினமும் நடங்கள்.

கூட வந்திருந்த என் கணவர், எங்க ஊட்டுக்காரர், சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அவர் அரசாங்க அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்காணிக்க ஆள் இல்லாமல் ஒரு வருஷமாக வாடிப் போயிருந்தார். தாளில் பதினேழு கேள்விகள்.

"டீ நிறுத்தோணுங்ளா டாக்டர்?"

"வேண்டாம். ஒண்ணு ரெண்டு கப் குடிக்கட்டும். ஒத்துக்கலைன்னா மட்டும் விடட்டும்."

அவர் முகம் விழுந்துவிட்டது. டீயை நிறுத்துவது என்று ஏற்கனவே முடிவு செய்து, பஸ்ஸில் வரும்போதே என்னிடம் அறிவித்தும் இருந்தார். வீடு திரும்பியதும் டாக்டரின் பதிலைத் திருத்தி அமல்படுத்தினார். ஜன்னலைத் திறந்தால் மலை முழுக்கத் தேயிலை. எங்கள் ஊட்டுக்குள் மட்டும் அது தடை செய்யப்பட்ட பொருள். எனக்குச் சுக்குத் தண்ணீர். அவர் மட்டும் சமையலறையில் நின்றுகொண்டே, எனக்குத் தெரியாமல் குடிப்பதாக நினைத்துக்கொண்டு, டீ குடிப்பார். டம்ளரை உறிஞ்சும் சத்தம் வராந்தா வரை கேட்கும்.

நடப்பதற்கும் அவரே ஏற்பாடு செய்தார். "சமதளமா பாத்து நடங்க" என்று கீழ்நாட்டு டாக்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார். குன்னூரில் சமதளம் என்று இருப்பது எங்கள் கடையின் மேஜை மட்டும்தான். கடைசியில் ரயில்வே பிளாட்பாரத்தைக் கண்டுபிடித்தார். காலையில் நான் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடப்பேன், அவர் பெஞ்சில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். சுற்றுலாக்காரர்கள் என்னிடம் வந்து ரயில் எப்போது வரும் என்று கேட்பார்கள். நான் போய்ப் போய் வருவதைப் பார்த்து ரயில்வேயில் வேலை என்று நினைத்திருக்க வேண்டும்.

இதற்குள் செய்தி சமவெளிக்கு இறங்கிவிட்டது. சொந்தக்காரர்கள் நோயாளியைப் பார்க்க வர ஆரம்பித்தார்கள். எனக்கு நோய் கண்டது ஜனவரியில். அந்தக் குளிரில் யாருக்கும் என்மேல் கவலை வரவில்லை. ஏப்ரலில் கோயமுத்தூரில் வெயில் கொளுத்தத் தொடங்கியதும் ஒவ்வொருவருக்கும் என் இதயம் ஞாபகத்துக்கு வந்தது. குழந்தை குட்டியோடு வந்தார்கள். என் கையைப் பிடித்து ஐந்து நிமிஷம் கண் கலங்கினார்கள், பிறகு மலர்க் கண்காட்சிக்கு எத்தனை மணிக்குக் கிளம்பினால் கூட்டம் இருக்காது என்று கேட்டார்கள். தாறுமாறான நெஞ்சோடு நான் பதினோரு பேருக்குச் சப்பாத்தி சுட்டேன்.

வெறும் கையோடு யாரும் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பொள்ளாச்சி நாத்தனார் மருதம்பட்டைப் பொடி கொண்டுவந்தார். "இதுக்குமேல மருந்தே இல்ல அம்மிணி. எங்க பக்கத்தூட்டுக்காரர் இதைச் சாப்பிட்டுத்தான் எந்திரிச்சு நடந்தாரு." அவருக்கு என்ன நோய் என்று கேட்டேன். முழங்கால் வலியாம். அண்ணன் மகன் வெளிநாட்டு மெக்னீசியம் டப்பா ஒன்றைக் கொடுத்தான். இன்னொருவர் பூண்டு எண்ணெய் உருண்டை. ஊட்டுக்காரர் தன் பங்குக்கு, கைபேசியில் யாரோ ஒரு தாடிக்காரர் சொன்னதைக் கேட்டு, மஞ்சள் சத்து மாத்திரை தருவித்தார்.

மீதியை எங்கள் கடையே தந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில், உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படும்படி, முதலாளி ஓர் அலமாரி வைத்திருக்கிறார். மீன் எண்ணெய், ஞாபக சக்திக்கு ஏதோ இலைச் சாறு, இதயப் படம் போட்ட பல வண்ணப் புட்டிகள். டாக்டர் சீட்டு வேண்டாம், லாபமும் அதிகம். "உடம்புக்கு நல்லதுதானுங்களே, கெடுதல் என்ன?" என்பார். வருஷக்கணக்காக நானும் அதையேதான் விற்றேன். விற்கும்போது முகத்தைக் கொஞ்சம் கனிவாக வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அந்த அலமாரியில் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பாதி ஆறுதல், பாதி அட்டைப்பெட்டி. ஆனால் பக்கவாதம் என்ற சொல்லை ஒரு டாக்டர் நம் முகத்தைப் பார்த்துச் சொன்ன பிறகு, படித்த படிப்பு எங்கே போகிறதென்று தெரியவில்லை. ஒரு நாள் கடை மூடும் நேரத்தில் மீன் எண்ணெய் டப்பாவை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அடுத்த வாரம் ஞாபக சக்தி இலை. அதற்கு அடுத்த வாரம் இதயப் படம். மொத்தம் ஏழு டப்பா. காலையில் அவற்றைத் தட்டில் வரிசையாக வைத்து விழுங்கி முடித்தால் பலகாரம் சாப்பிட வயிற்றில் இடம் இருக்காது. "டாக்டர்கிட்டக் கேட்டீங்களா?" என்று ஊரெல்லாம் கேட்கிறவள், என் டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள், மழை பிடித்துக்கொண்ட மத்தியானம். முதலாளியும் கடையில் இருந்தார். நல்ல கம்பளிச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். மனைவிக்கு மீன் எண்ணெய் வேண்டும், எது நல்லது என்று கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் கனிவான முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டு பெரிய டப்பாவை முன்னால் வைத்தேன்.

"இதையே குடுங்க சார். நானே தினமும் சாப்பிடறேனுங்க" என்றேன்.

டப்பாவின் மூடிமேல் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது. பிறகு இன்னொன்று. என் மூக்கிலிருந்து.

அவர் ஓரடி பின்னால் போனார். "அப்ப எனக்கு வேண்டாங்க" என்றார், மிகவும் மரியாதையாக. குடையை விரித்துக்கொண்டு மழைக்குள் போய்விட்டார்.

முதலாளி பதறிப்போய் ஓடிவந்தார். முதலில் மேஜையில் இருந்த மற்ற டப்பாக்களைத் தள்ளி வைத்தார். அப்புறம்தான் எனக்குப் பஞ்சு எடுத்துக் கொடுத்தார்.

மூக்கை அழுத்திப் பிடித்து, குனிந்து உட்கார்ந்தேன். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். நிற்கவில்லை. ஒரு சுருள் பஞ்சு தீர்ந்தது. நெஞ்சுக்குள் கேரட் மெஷினும் சுற்றத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் மூக்குக்குள் துணியைத் திணித்து அடைத்தார்கள். அந்த வலியை எழுதி மாளாது. வாய் வழியாக மூச்சுவிட்டுக்கொண்டு நான் படுத்திருக்க, டாக்டர் என்ன மாத்திரையெல்லாம் சாப்பிடுகிறேன் என்று கேட்டார். எனக்குப் பேச முடியவில்லை. ஊட்டுக்காரர் பெருமையாக முன்னால் வந்து ஏழு டப்பாவையும் மனப்பாடமாகச் சொன்னார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துடிப்பு நிபுணரிடம் மறுபடியும் போனோம். "எல்லாத்தையும் கொண்டுவாங்க" என்று சொல்லியிருந்தார். துணிப்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் புட்டிகளைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"பூண்டு, மஞ்சள், இந்த இலை. மூணும் ரத்தப்போக்கைக் கூட்டலாம். நான் குடுத்த மாத்திரையோட சேர்ந்தா இன்னும் மோசம். மீன் எண்ணெய் எத்தனை சாப்பிட்டீங்க?"

"நாலுங்க."

"அளவு அதிகமாப் போனா இந்தத் துடிப்பு நோயே கூட வரலாம். மெக்னீசியம் உங்க ரத்தத்துல சரியாத்தான் இருக்கு, அது எதுக்கு? இந்தப் பட்டையும் என் மாத்திரையும் சேர்ந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. இதயப் படம் போட்டதுல என்ன இருக்குனு டப்பாக்காரனுக்கே தெரியாது போல." நிமிர்ந்து பார்த்தார். "என்ன வேலை பாக்கறீங்கனு சொன்னீங்க?"

"மருந்துக் கடையிலங்க."

"விற்பனையா?"

"ஃபார்மசிஸ்டுங்க" என்றேன். மூக்கில் இன்னும் அடைப்பு இருந்ததால் அது சரியாகக்கூடக் கேட்டிருக்காது. அவர் திரும்பக் கேட்காதது அவருடைய பெருந்தன்மை.

பிறகுதான் அவர் அதைக் கேட்டார். "தூக்கம் எப்படி? குறட்டை உண்டா?"

"அதெல்லாம் இல்லீங்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஊட்டுக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். இருபத்தெட்டு வருஷமாக யாராவது தன்னைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த மனுஷர். "லாரி வளைவேற முடியாம முனகுமே, அந்த மாதிரிங்க டாக்டர். நடுவுல சத்தமே நின்னுபோயிரும். செத்துட்டாளோனு நான் எந்திரிச்சு உக்காந்துக்குவேன். அப்புறம் மறுபடியும் கியர் போட்டுக் கெளம்பும்."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனால் டாக்டர் சிரிக்கவில்லை. அந்த நின்றுபோகும் இடம்தான் முக்கியம் என்றார். தூக்கத்தில் மூச்சு தடைப்படுவது, துடிப்புக் கோளாறைக் கிளப்பிவிடும் காரணங்களில் ஒன்றாம். பரிசோதனை செய்தார்கள். தூங்கும்போது முகத்தில் மாட்டிக்கொள்ள ஒரு காற்று மெஷின் கொடுத்தார்கள். அதை மாட்டினால் முதுமலையில் ஒரு யானைக்குட்டி படுத்திருப்பது போல இருப்பேன். ஆனால் ரெண்டே வாரத்தில், காலையில் எழும்போது தலை கனக்கவில்லை. தலை கனப்பது வயதினால் என்று நானே பத்து வருஷத்துக்கு முன்னால் முடிவு செய்து வைத்திருந்தேன்.

அடுத்த மாதம் எஸ்டேட் அம்மா துண்டோடு வந்தார். இத்தனை மாதமாகச் சொல்லாமல் தள்ளிப்போட்ட நான் அன்று மேஜையைச் சுற்றி வெளியே வந்து, "நீங்க சொன்னது சரிங்க. அன்னைக்கே கேட்டிருக்கோணும்" என்றேன். அதுவரை அவரை நான் 'நீங்க' என்று சொன்னதில்லை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிளாஸ்டிக் கவரிலிருந்து துண்டுகளை எடுத்துக் காட்டினார். ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்து ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையும் வரிசையாக இருந்தது. எல்லாம் சொன்ன அளவுக்குள்.

"கீரையை நிறுத்துனதாலதானுங்க இவ்வளவு சரியா இருக்கு" என்றேன். ஏதாவது ஒன்றிலாவது நான் சரியாக இருந்திருக்க வேண்டுமே.

அவர் கொஞ்சம் தயங்கினார். "கீரை நிறுத்தலை மேடம். பெரிய டாக்டர் நிறுத்தச் சொல்லலை. வாராவாரம் ஒரே அளவா சாப்பிடு, ஒருநாள் அள்ளி அள்ளித் தின்னுட்டு மறுநாள் விடாதேன்னுதான் சொன்னார். எங்க லயத்து வீட்டுக்குப் பின்னாடியே கீரை போட்டிருக்கேன்."

"அப்ப நான் இத்தனை வருஷமா சொன்னப்ப தலையாட்டுனீங்களே?"

"உங்க மனசு நோகக் கூடாதேன்னுதான்" என்றார்.

இருபத்தாறு வருஷத்தில் இப்படி எத்தனை பேர் என் மனசு நோகக் கூடாதென்று தலையாட்டிவிட்டுப் போனார்களோ. அவர்களுக்கெல்லாம் நான் நன்றி சொல்ல வேண்டும்.

அலமாரியை எடுத்துவிடச் சொல்லி முதலாளியிடம் கேட்டேன். அவர் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, அதிலிருந்து ஏதாவது கேட்கிறவரிடம் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, டாக்டருக்குத் தெரியுமா என்று நான் கேட்க ஆரம்பித்தேன். பாதிப் பேர் முறைத்துவிட்டு எதிர்க் கடைக்குப் போனார்கள். "கடைக்கு வர்றவங்களை விசாரணை பண்ணி அனுப்பறீங்க" என்று முதலாளி சலித்துக்கொண்டார். "சான்றிதழைக் கழட்டிக் குடுத்துருங்க, நான் வேற கடைக்குப் போய்க்கறேன்" என்றேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது ஒன்பது கிலோ குறைந்திருக்கிறது. மீதி மூன்று கிலோவை ஊட்டுக்காரரின் கண்காணிப்பையும் மீறிக் காப்பாற்றி வருகிறேன். டீ திரும்பிவிட்டது, டாக்டரை விட்டே கைபேசியில் ஊட்டுக்காரரிடம் ஒரு தடவை சொல்ல வைத்தேன். வாரம் மூன்று தடவை உருண்ட நெஞ்சு, கடைசி ஆறு மாதத்தில் ரெண்டு தடவைதான் உருண்டது. ஒன்று கடையில். இன்னொன்று பர்லியார் பக்கம், சுற்றுலா வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றதில் எங்கள் பஸ் முக்கால் மணி நேரம் நகராமல் இருந்தபோது. நான் தண்ணீர் குடித்தேன், நெஞ்சு வலியோ மயக்கமோ இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு பலாப்பழக் கடைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பஸ் கிளம்புவதற்கு முன்பே அது அடங்கிவிட்டது.

ரத்தக் குழாய் வழியாகக் கம்பி விட்டு, கோளாறான இடத்தைச் சுட்டுவிடும் சிகிச்சை ஒன்று இருக்கிறது. திரும்ப அதிகமானால் அதைச் செய்துகொள்ளலாம், இப்போதைக்கு அவசரமில்லை, ஆனால் மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஊட்டுக்காரர் பொள்ளாச்சிக்குப் போன் செய்து விவரத்தைச் சொன்னார். நாத்தனாருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். செய்வதாக இருந்தால் மே மாதமாகப் பார்த்து வைத்துக்கொள்ளச் சொன்னாராம், பிள்ளைகளுக்கும் லீவு.